அம்மா சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன்

என் அருமை தனபால் அண்ணாவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் வருமா என்று தெரியாது. வராவிட்டாலும் எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரிடம் சொல்வது? அம்மாவும் போன வருஷம் உன்னிடமே வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை உன் டாக்டர் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தாரே, தார்வாட் பக்கத்துக்காரர், அவர்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது. கஞ்சா பிடிக்கிறவர்களுக்குப் புத்தி கலங்குவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். பழைய நோயாளிகளின் வீடுகளைத் தேடி ஸ்ரீராம்புரம் முழுக்கச் சந்து சந்தாக அலைகிறார். உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன். உன்னைப் பற்றி விசாரிக்க வந்தவரிடம் சர்க்கரை போதுமா என்று கேட்கிறேன், பார்த்துக்கொள்.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஆஸ்பத்திரியில் அப்போது எழுதிய உன் காகிதத்தைப் பிரித்து, "முதலில் கஞ்சா, அப்புறம்தான் குரல் கேட்டது என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னதுதானே அம்மா, சரியா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உன்னை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் கன்னடம் வராது, நடுவில் நான். "யாவுது மொதலு?" என்றார். எது முதலில் வந்தது என்று நான் அம்மாவைக் கேட்டேன்.

"தறி நின்ன பின்னாடியும் யாரோ பேசறாங்கம்மான்னு ஒரு வருஷமா சொல்லிக்கினு இருந்தாண்டி. அந்தப் பேச்சு அடங்கட்டும்னுதான் இந்தக் கருமத்த இழுக்க ஆரம்பிச்சான். அப்படியே சொல்லு."

நான் கன்னடத்தில் சொன்னேன்: முதலில் கஞ்சாதான். அதுவரைக்கும் தங்கமான பிள்ளை.

"சொல்லிட்டியா?" என்றாள் அம்மா. சொல்லிட்டேம்மா என்றேன்.

அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அண்ணன் கெட்ட சகவாசத்தில் கஞ்சா பிடித்தான் என்றால் போகட்டும் என்று விடுவார்கள். பைத்தியம் ரத்தத்தில் ஓடுகிறது என்றால் எவன் கட்டுவான்? இவ்வளவுதான் அண்ணா காரணம். பெரிதாக ஒன்றுமில்லை.

பழக்கம் விட்டுவிட்டது, இனிமேல் சரியாகிவிடும் என்று இரண்டு மாதத்தில் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கல்யாணத்தில் நீதான் பந்தி பரிமாறினாய். கூட்டத்தில் என் காதருகே வந்து, "பாப்பா, இன்னும் பேசறாங்க" என்றாய். எல்லாரும் பாக்கறாங்கண்ணா, போ என்றேன். மறுமாதம் அல்சூர் ஏரியிலிருந்து உன்னைத் தூக்கி வந்தார்கள். "எல்லாத்தையும் சொன்னோமே, அப்படியும் வெளியே உட்டுட்டானே பாவி" என்று அம்மா கடைசிவரை அந்த டாக்டரைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரியா அம்மா?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

தப்பு என்றேன். முழுவதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. பழைய வரியின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாக எழுதினார். அப்போதே தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்களா என்று நான்தான் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்போம். குரல் கேட்பதற்கான மருந்து அப்போதுதான் வந்திருந்தது" என்றார். மற்ற வீடுகளிலும் இப்படி மாற்றிச் சொல்லியிருப்பார்களா என்றேன். "அதற்காகத்தான் மறுபடியும் சுற்றுகிறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் போனதும் இவர் சொன்னார்: "இது அப்பவே தெரிஞ்சிருந்தா நான் உன்னக் கட்டியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அதற்குப் பிறகு நாலு நாள் பேச்சில்லை. போட்டதைச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார். எனக்கு அழுகையாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அரிசி களைந்தேன், துணி துவைத்தேன். இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கி வைத்தால் லேசாக இருக்கும் என்பார்களே, அப்படி ஒன்றும் இல்லை அண்ணா.

உனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள், நாலு வயசு. நெற்றி அப்படியே உன் நெற்றி. நேற்று மூலையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் கையை எடுத்துவிட்டு, "அவ யார்கூடப் பேசறா?" என்றார். நாலு நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் எட்டிப் பார்த்தேன். பொம்மையோடுதான். ஆனாலும் இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம், சோறு ஆறிப்போகும்வரை.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். என்றைக்காவது அவள் வந்து யாரோ பேசுகிறார்கள் என்று சொன்னால், என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்பேன். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, அவர்கள் எதிரிலேயே அவளை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போவேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே சொல்வேன். யாருடைய ரத்தம் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன், அதோடு என் பெயரையும் சேர்த்து.

உன் கூடப் பிறந்தவள்,
மரகதம்