மால்டாவுக்கு வாங்கிய அடாப்டர்

வியாழன், இரவு

போன வருடம் மால்டா விசா கிடைக்காமல் லீவு முழுவதும் துபாய் கராமா ரூமிலேயே கிடந்தேன். ஆபீஸில் மால்டா போய் வந்ததாகச் சொல்லிவிட்டேன். அதை நம்பி, பக்கத்து சீட் முருகேசன் அங்கே கிளம்பும்போது என்னிடம் விவரம் கேட்டான். நெட்டில் படித்ததை ஒப்பித்தேன். எங்கும் பஸ்ஸிலேயே போகலாம், குழாய்த் தண்ணீர் ருசிக்காது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐரோப்பாப்பா, பிளக் எல்லாம் ரெண்டு பின். அடாப்டர் வாங்கிக்க" என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன்.

இன்று திரும்பி வந்தவன், பிரிக்காத அடாப்டரை என் மேஜையில் வைத்தான்.

"அங்கயும் துபாய் மாதிரி மூணு பின்தாண்ணே."

பிறகு எல்லோருக்கும் மால்டா படம் போட்ட ஃப்ரிட்ஜ் காந்தம் கொடுத்தான். என்னிடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினான்.

"வச்சுக்கங்கண்ணே. யாராச்சும் கேட்டா காட்டலாம்."

வாங்கிக்கொண்டேன்.