உன் கைக்குட்டை பிடித்த இடம்

என் அருமைத் திமிர் பிடித்தவளே,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், என் பக்கத்திலிருக்கும் உன் நாற்காலியைக் காட்டி, "அக்கா, இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டாள். அதன்மேல் உன் நீலக் கைக்குட்டை கிடந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். யூகலிப்டஸ் தைல வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நான் அதைத் துவைக்கவே இல்லை. நீ சுத்தக்காரி, திட்டுவாய். திட்டிக்கொள்.

இடம் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. தீவிலிருக்கும் நம் ஆய்வுக்கூடத்துக்குப் போக பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போது முன்னால் போகிறவர்கள் தலைக்கு மேலாகக் கைக்குட்டையை வீசுவாய். அது சொல்லிவைத்தாற்போல ஜன்னலோர இருக்கையில் போய் விழும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து உன்னோடு சேர்ந்துகொள்ளும் எனக்கோ மானம் போகும்.

"எல்லாரும் பாக்கறாங்கடி. நின்னுக்கிட்டே போனா என்னலா?"

"பாக்கட்டும்லா. பாக்கறவங்க நிக்கிறாங்க, நாம உக்காந்திருக்கோம்."

நம் வேலையும் இடம் பிடிக்கிற வேலைதான் என்று நீதான் சொன்னாய். சாகவேண்டிய செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் ஒன்று உண்டு. புற்றுச் செல்லில் அது தேவைக்குமேல் பெருகிக் கிடக்கும். செல்லை முடித்துவைக்க வரும் இன்னொரு புரதத்தைத் தன்மேலுள்ள பள்ளத்தில் பிடித்து உட்காரவைத்துவிடும். அந்தப் பள்ளத்தில் நாம் செய்யும் சின்ன மூலக்கூறு முந்திப் போய் உட்கார்ந்தால், பிடிபட்டது விடுபட்டுத் தன் வேலையைப் பார்க்கும். புற்றுச் செல் சாகும். பள்ளத்துக்குப் பொருந்தும் உருவத்தை நீ கணினியில் வரைவாய், நான் குடுவையில் செய்வேன்.

நாம் செய்தது நன்றாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் காக்க, கிட்டத்தட்ட அதே பள்ளத்தோடு வேறொரு புரதம் இருக்கிறது. நம் ஆள் அங்கேயும் போய் உட்கார்ந்து தட்டணுக்களையும் கொன்றது. அதை மருந்தாகக் கொடுத்தால் நோயாளிக்கு ரத்தம் நிற்காது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த ஓரத்து வளையத்த வெட்டிடு" என்றாய். எனக்கு வந்ததே கோபம். மூலக்கூறின் ஓரத்தில் அந்த அணு வளையத்தை ஒட்டவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அது இல்லன்னா பிடிமானமே போயிடும்டி."

"போகாது. கைக்குட்ட போடச் சொன்னா நீ பாய விரிச்சிருக்க. அதான் பக்கத்து சீட்டுலயும் விழுது."

நீ சொல்வது தப்பென்று காட்டத்தான் அந்த வளையமில்லாத சின்னதைச் செய்தேன். புற்றுச் செல்கள் செத்தன. தட்டணுக்கள் பத்திரமாக இருந்தன. நம்பாமல் திரும்பவும் செய்து பார்த்தேன், அப்போதும் அப்படியே. தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போனோம். நமக்கு நடுவில் இருந்த காலி நாற்காலியில் நீ கைக்குட்டையைப் போட்டாய். கடைக்காரர் வந்து, "ஆள் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே. ரொம்பச் சின்ன ஆளு" என்றாய். எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

அதன் பிறகு நீ அதிக காலம் இருக்கவில்லை. ஒரு சாயங்காலம், "நாளைக்கு வரேன், என் எடத்த யாருக்கும் குடுத்துடாத" என்று கைக்குட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு பாகான் டாலாமில் இருக்கும் உன் வீட்டுக்குப் போனாய். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று விடிந்ததும் உன் அண்ணன் போன் செய்தார். ஊரெல்லாம் இடம் பிடித்தவள் இப்படிச் சொல்லாமல் எழுந்து போகலாமா? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் சண்டை போட அல்ல, ஒரு சேதி சொல்ல. நம் சின்ன ஆள் எலிகளிடம் தேறிவிட்டது. கட்டிகள் சுருங்கின, தட்டணுக்கள் குறையவில்லை. மனிதர்களிடம் போக இன்னும் தூரம் இருக்கிறது, ஆனாலும் மூடுகிற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். கூடத்தில் நாற்காலி போதவில்லை.

நாற்காலியைக் கேட்ட பெண் பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கைக்குட்டையை மடித்து என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஆள் இருக்கு" என்றேன்.

அவள் "சாரிக்கா" என்று நகரப் போனாள்.

"பரவால்ல, நீ உக்காரும்மா. அவ வந்தா எப்படியும் எடம் பிடிச்சுக்குவா."