தனியாகப் போனவனும் தூக்கி வந்த எட்டுப் பேரும்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டோடு ராஜா மாதிரி படுத்திருப்பாய். காட்டுக்குள் தன்னந்தனியாகப் போன வீரன் என்று பேப்பரில் உன் படம் வேறு வந்திருக்கிறது. பல்லெல்லாம் தெரிகிறது.

உன்னைத் தேடிப் பிடித்துத் தூக்கி வந்த எட்டுப் பேரும் இன்று என் தையல் கடைக்கு வந்தார்கள். முள்ளில் கிழியாத பேன்ட் ஒன்றுகூட இல்லை. நான் தைத்து முடிக்கும்வரை எட்டுப் பேரும் துண்டைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்க தம்பிக்கு ரொம்ப தைரியம்க்கா,” என்றார் ஒருவர்.

“ஆமா, கனமும் ரொம்ப,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கால் சரியானதும் மறுபடி தனியாகப் போவேன் என்று நர்ஸிடம் சொன்னாயாமே. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் உன் படத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போனிலேயே திட்டியிருப்பேன். மூன்று நாள் காட்டோரம் நின்று உன்னைக் கூப்பிட்டதில் குரல் போய்விட்டது, வெறும் காற்றுத்தான் வருகிறது. அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

போவதாக இருந்தால் போ. எந்தப் பாதையில் போகிறாய் என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அடுத்த தடவை எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்றாவது எனக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா