கொழும்பில் திரும்பிப் பார்த்தவர்

சனிக்கிழமை இரவு, கொழும்பு.

ஆம்பூர் ஷூ கம்பெனி நண்பர்களோடு பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்கு வந்தேன். மைதானத்தில் ஒருவர் ஹெல்மெட் போட்டபடி புல்லட்டை உதைத்துக் கிளப்பினார். தோள் ஒரு பக்கம் சாய்ந்த, அண்ணனுடைய அதே நிற்பு. பள்ளிகொண்டா சாலையில் லாரி மோதி அண்ணன் செத்துப்போனது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. "அண்ணா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேறு முகம். யாழ்ப்பாணத்துக்காரராம். "என்ன தம்பி?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா."

கூட வந்திருந்த இம்ரான் என்னை இழுத்தான். "இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கண்காட்சி நாளையும் இருக்கிறது. அவரும் புல்லட்டோடு வருவார். பின்னால் நின்று இன்னொரு தடவை கூப்பிடத் தோன்றுகிறது. கூப்பிட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.