இருநூற்றுப் பதினாலாம் அறை மணி

மார்ச் 1942

அன்பு எட்னாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? லிவர்பூலில் குண்டுவீச்சு ஓய்ந்துவிட்டதாமே, நம் தெரு முழுசாக இருக்கிறதா?

கப்பலுக்குச் சின்னக் காயம், பயப்படாதே. கரைசேர்ந்துவிட்டோம். போருக்கு முன் சீமாட்டிகள் ஆடிய நடன மண்டபத்தில் இப்போது பட்டாளத்தார் தூளி கட்டித் தூங்குகிறார்கள். கீழ்த்தளத்துப் பயணி அறைகளில் காய்ச்சல் கண்ட சிப்பாய்களைப் படுக்க வைத்திருந்தோம். டார்பிடோ பட்டது அங்கேதான். கப்பல் மூழ்காமலிருக்க, அந்தத் தளத்து இரும்புக் கதவை மூடிவிட்டார்கள்.

அப்போது என் தேநீர் அறையில், மூடிய அந்தத் தளத்து 214ஆம் அறையின் அழைப்பு மணி அடித்தது. மணி அடித்தால் டீ கொண்டு போவது பதினான்கு வருடப் பழக்கம். தட்டில் கோப்பையை வைத்துக்கொண்டு ஓடினேன். தலைமைப் பணியாளர் பார்கெட்டர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"டீ எடுத்துட்டு எங்கடா ஓடுற? உப்புத்தண்ணி கம்பியில ஏறினா மணி தானா அடிக்கும்டா."

"ரெண்டு ரெண்டா, விட்டு விட்டு அடிக்குது சார். தண்ணிக்கு அப்படி அடிக்கத் தெரியுமா?"

மணி நிற்கும்வரை அவர் என் சட்டையை விடவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கறுப்பு ஷூ பாலிஷ் கிடைத்தால் அதுவும். தணிக்கைக்காரர் கண்ணில் படாமல் இதைக் கொண்டுவரும் ஆல்பர்ட்டுக்கு ஒரு வாய் சூப் கொடு. அவன் மூட்டையோடு நிற்கிறான், முடிக்கிறேன்.

இன்னொன்று. நம் வாசல் மணியைக் கழற்றி எங்காவது போட்டுவிடு. நான் வந்தால் கதவைத் தட்டுகிறேன்.

உன்
வில்ஃப்