வாராவாரம் ஒரே பதில்

ஜூலை, இரண்டாம் ஞாயிறு.

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரவில்லை.

சர்ச் ஓய்வுநாள் பள்ளியில் இன்று இயேசு சொன்ன பெரிய விருந்து உவமையை நடித்துக் காட்டும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். அழைத்தும் வராதவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். ஒருவன் புது ஜீப்பை ஓட்டிப் பார்க்கணும் என்றான். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வரும் ஸ்டெல்லா முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“முட்டி வலிக்குதுங்க, அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேனுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அம்மா வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் நான் சொல்கிற பதில் அது.

வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்தாள். முகத்தில் கிண்டல் துளியும் இல்லை.

“புதன்கிழமை வர்றீங்களா டீச்சர்? அம்மா கேக்கச் சொன்னாங்க.”

“பாக்கலாம்மா.”

“இன்னும் வலிக்குதுங்களா? உங்க முட்டிக்காக வாராவாரம் எல்லாரும் ஜெபம் பண்றோமுங்க.”

எனக்கு முட்டியில் வலியே கிடையாது.