கம்பெனி டயரில் குடிலுக்கு

செப்டம்பர் 29, ஞாயிறு

புது காரைக் கழுவினேன். வெள்ளை நிறம். பனியில் நிறுத்தினால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். யோருன் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக என் பகடியைக் கேட்கிறவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

கிடாவை விற்று ஐந்து மாதம் ஆகிறது. கிடா என்பது எங்கள் பழைய ஜீப்புக்கு அவள் வைத்த பெயர். அதன் டயர் என் இடுப்பு உயரம். அவளுடைய முழங்காலுக்கு இனி அதில் ஏற முடியாது. "ஏணி வச்சு ஏற நான் என்ன கூரையா மேயப் போறேன்?" என்றாள். விற்றுவிட்டேன். வாங்கியவன் அதைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போனபோது நான் வேலிக் கம்பியை முறுக்குவதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

இந்தக் கார் வசதிதான். இருக்கை சூடாகிறது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: நவம்பர் முதல் சனிக்கிழமை மலைமேட்டுக் குடிலுக்கு ஏறுமா? 83-இலிருந்து ஒரு வருடம்கூட நாங்கள் தவறவிட்டதில்லை.

அக்டோபர் 5

குனிந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்பெனியே மாட்டி அனுப்பிய டயரைப் படித்தேன். சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று எழுத்து இருக்கிறது. அது செய்தவனே தனக்குக் கொடுத்துக்கொண்ட நற்சான்று. பனியில் சோதித்துப் பார்த்துக் குத்தும் மலைச் சிகர முத்திரை இல்லை. பக்கச்சுவர் என் நாலு விரல் அகலம். கிடாவுக்கு ஒரு சாணுக்கு மேல் இருந்தது.

பின்கதவைத் திறந்தேன். ஸ்டெப்னி இல்லை! அந்த இடத்தில் ஒரு நுரை டப்பா. பஞ்சர் ஆனால் அதை உள்ளே பீய்ச்ச வேண்டுமாம். சவரம் செய்துகொள்ளலாம்.

அக்டோபர் 9

நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் விஷயத்தைப் போட்டேன். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் நிபுணர்கள். மீட்புக் குழுவில் இருக்கும் காரி, "அந்த டயரா? கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வரலாம். கடை பக்கத்துல இருந்தா," என்றான். டயர் கடை ஸ்வாவா கொஞ்சம் இரக்கம் காட்டினாள்: "ஈர ரோட்டுக்கும் சரளைக்கும் நல்ல டயர்தான். குளிர் ஏறினா ரப்பர் கல்லாயிடும். ஆணி பதிச்ச டயர் போட்டுக்கங்க பால்துர். அதுகூட ரோட்டுக்குத்தான். மேட்டுக்கு வேணாம்."

"காத்தை இறக்கினா எந்த டயரும் பனி டயர்தான்," என்றேன்.

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

அக்டோபர் 13

உச்சியில் வெள்ளை.

அக்டோபர் 20

துறைமுகத்துக் காலி மைதானத்தில் உறைபனி. காலையில் போய் ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போவதில் குறை இல்லை. பிரேக் அழுத்தினால் காருக்கு யோசிக்க நேரம் தேவைப்படுகிறது. மீன் பெட்டி அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. காரைச் சொல்கிறேன். என் உயிர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, பனிக்கட்டி வேறு, மேட்டுப் பனி வேறு.

அக்டோபர் 24, வியாழன்

முதல் பனி. ஸ்வாவா கடை வாசலில் வரிசை, தெருமுனை தாண்டி. வருடா வருடம் இதே கூத்து. பனி வரும் என்று ஒருவருக்கும் தெரியாதாம். நான் கையசைத்துவிட்டுக் கடந்து போனேன்.

முதல் தடவை குடிலுக்குப் போனது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் பனி அப்பி வழி தெரியவில்லை. யோருன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பாதையோர மஞ்சள் குச்சிகளைச் சத்தமாக எண்ணினாள். "நாப்பத்தொண்ணு! இடது! இடதுன்னேன்ல!" மூக்கு சிவந்து, புருவமெல்லாம் பனி. கல்யாணமாகி மூன்று மாதம். அன்றுதான் அப்பாவைக் கடல் கொண்டுபோன கதையை அவளிடம் சொன்னேன். அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. இஞ்சின் சத்தத்தில் அழுவது சுலபம்.

இவ்வளவும் ஒரு டயர் முடிவுசெய்கிற விஷயமா?

நவம்பர் 1

புகைபோட்ட ஆட்டுக்கறி, தட்டை ரொட்டி, வெண்ணெய், பிளாஸ்க். எல்லாம் எடுத்து வைத்தாள். பிறகு, "போகத்தான் வேணுமா பால்துர்?" என்றாள்.

"முழங்கால் வலிக்குதா?"

"இல்ல."

அதற்கு மேல் கேட்கவில்லை. டயர் காற்றை அளக்கும் மானியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று, மேட்டுப் பாதை தொடங்கும் வேலிக் கதவு வரை நன்றாகத்தான் போனோம். அங்கே முழங்கால் அளவு பனி. பனியைப் பற்றி எதைக் கேட்டாலும் எங்களுக்குப் பதில் ஒன்றுதான்: காற்றை இறக்கு. இறக்கினேன், எட்டுப் பவுண்டுக்கு. கிடாவை மூன்றுக்கே இறக்கியிருக்கிறேன். அதன் டயர் பிசைந்த மாவுபோல் பனிமேல் பரவி மிதந்து போகும். இது நாலு விரல் டயர். அதில் பரவ என்ன இருக்கிறது? ஏன்டா உனக்கு இது தெரியாதா? முப்பத்தாறு வருஷம் என்னத்தைக் கிழிச்சே?

ஓடைத் திருப்பத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். முன்பக்க டயர் ரிம்மை விட்டுக் கழன்று, ரிம் அதன் பக்கச்சுவரையே வெட்டிவிட்டது. நுரை டப்பாவைப் பீய்ச்சினேன். வெட்டு வழியாக என் சட்டைமேல் வந்தது. பெட்ரோல் விட்டுப் பற்றவைத்தால் டயர் குதித்து ரிம்மில் உட்காரும் என்று ஆரம்பித்தேன்.

"தீப்பெட்டியைத் தொட்டே, நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். அந்த முழங்காலோடு.

காரியைப் போனில் கூப்பிட்டேன். இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

காத்திருந்தோம். "மன்னிச்சிடு. இந்த வருஷம் குடில் போச்சு," என்றேன்.

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தக் குடில் ஒரு வருஷம்கூடப் பிடிச்சதில்ல," என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எலிப் புழுக்கை நாத்தம். அடுப்புப் புகை. ராத்திரி பூரா உன் குறட்டை."

"அப்புறம் ஏன் வந்தே? முப்பத்தாறு வருஷம்?"

"போற வழியில நீ பேசுவே. வீட்டுல உப்பு எங்க, சாவி எங்கன்னு கேப்பே. வண்டி மேட்டுல ஏறினாத்தான் உன் வாய் தெறக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் புருஷன் பேச்சு கேக்கணும்ல? அதுக்குத்தான்."

ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லாமலிருந்தது அவள் சொன்னதையே நிரூபிக்கிறது என்பதும் புரிந்தது. அதற்குள் காரியின் பெரிய வண்டி வந்துவிட்டது.

நவம்பர் 4

தூக்கம் இல்லை. நான் நினைத்து நினைத்து ஏங்கியதெல்லாம் அவளுக்கு எலிப் புழுக்கை. கோபமா எனக்கு? இல்லை. மற்ற முன்னூற்று அறுபத்து நாலு நாள் இந்த வீட்டில் அவள் யாரோடு இருந்தாள்?

நவம்பர் 8

ஸ்வாவா நாலு ஆணி டயர் மாட்டினாள். "காத்து நான் வச்சதுதான். தொடாதீங்க," என்றாள். தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கம்பெனி டயரில் மிஞ்சிய மூன்றும் கொட்டகையில். கோடைக்கு ஆகும், ஒன்று வாங்கிச் சேர்த்தால்.

அவற்றின்மேல் பழியில்லை. தார் ரோட்டுக்குப் பிறந்ததை மலைக்கு இழுத்துப் போனது நான்.

நவம்பர் 16

மதியம் விரிகுடாவைச் சுற்றி ஓட்டினோம், நல்ல ரோட்டில். பேசலாம் என்று இருந்தேன். டயர் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 23

மறுபடி போனோம். திரும்பி வரும்போது, கிடாவை விற்ற நாளில் வேலியோரம் அழுததைச் சொன்னேன். "தெரியும். சமையலறை ஜன்னல்ல பாத்தேன்," என்றாள். ஏன் வந்து கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 7, சனி

காலையிலிருந்து புயல். ரோடு மூடிவிட்டார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறையில் நின்றேன். யோருன் ஜன்னலில் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போக முடியாது," என்றாள். கோப்பையைக் கழுவ எடுத்தாள்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

"அதை அப்புறம் கழுவலாம்," என்றேன். "உக்காரு. ஒண்ணு சொல்லணும்."